ஈரோட்டுச் சேர்மனும் நம் சங்கத்து லெட்டர்பேடும்



இந்தக் காலாண்டு இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று நம் செயலாளர் கேட்டார். யாரை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். நகராட்சித் தேர்தல் பேச்சு மறுபடியும் டீக்கடைகளில் கேட்க ஆரம்பித்திருக்கிறது. அதனால் ஒரு நகராட்சித் தலைவரைப் பற்றியே எழுதலாம் என்று முடிவு செய்தேன். அவர் பெயர் சொன்னால் உங்களில் சிலர் கைதட்டுவீர்கள், சிலர் முகம் சுளிப்பீர்கள். ஈரோடு வெங்கட்ட ராமசாமி, அதாவது பெரியார்.

பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். நான் கோயிலுக்குப் போகிறவன்தான். திங்கள் அல்லது வெள்ளி, வாரத்தில் ஒரு நாளாவது சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைப் பார்க்காமல் எனக்கு வாரம் முடியாது. அவருடைய கடவுள் மறுப்பைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவர் ஈரோட்டில் சேர்மனாக இருந்த காலத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அப்போது அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதில் என் தவறு ஒன்றும் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

மண்டிக்கடைப் பையன்

1879ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி ஈரோட்டில் பிறந்தார். அப்பா வெங்கட்ட நாயக்கர், அம்மா சின்னத்தாயம்மாள். அப்பா கூலி வேலையில் தொடங்கி, சின்ன மளிகைக் கடை வைத்து, பிறகு ஊரறிந்த மொத்த வியாபாரியாக உயர்ந்தவர். குடும்பத்தில் பக்தி அதிகம். பாகவதர்களும் சாமியார்களும் வந்து போகும் வீடு.

பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. சில வருடங்களோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. 12 வயதில் அப்பாவின் மண்டிக்கு வந்துவிட்டார். மூட்டைக்கு விலாசம் போடுவது, சரக்கை ஏலம் விடுவது, வந்தவர்களோடு வாதாடுவது என்று எல்லாவற்றையும் அங்கேதான் கற்றார். பிற்காலத்தில் மேடையில் மணிக்கணக்கில் பேசியவர் பேசப் பழகிய இடம் அந்த மண்டிதான்.

19 வயதில் நாகம்மையாரைத் திருமணம் செய்துகொண்டார். ஒரு பெண் குழந்தை பிறந்து ஐந்தே மாதத்தில் இறந்துபோனது. 1904 வாக்கில் அப்பாவோடு மனத்தாங்கல் ஏற்பட்டு வீட்டை விட்டுக் கிளம்பி காசிக்குப் போய்விட்டார். அங்கே சத்திரங்களில் சாப்பாடு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பசியில் எச்சில் இலையில் மிஞ்சியதைக்கூட உண்ண நேர்ந்தது என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கடைசியில் அப்பா தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். மண்டியை மகன் பெயருக்கே மாற்றிக் கொடுத்தார்.

ஊர் வேலை

காசியிலிருந்து திரும்பியவர் பொறுப்பான வியாபாரியாக ஆனார். நாம் கவனிக்க வேண்டிய பகுதி இங்கேதான் தொடங்குகிறது. ஊர்ப் பொறுப்புகள் ஒவ்வொன்றாக அவரைத் தேடி வந்தன. கௌரவ மாஜிஸ்திரேட், தாலுகா போர்டு, ஜில்லா போர்டு, வியாபாரிகள் சங்கம், வாசகசாலை, தேவஸ்தானக் கமிட்டி என்று பட்டியல் நீளும். எந்தப் பதவிக்கும் சம்பளம் கிடையாது. வேலை மட்டும் உண்டு.

பிற்காலத்தில் கடவுள் இல்லை என்று சொன்னவர், அந்தக் காலத்தில் கோயில் நிர்வாகத்தை ஒழுங்காக நடத்தினார். கோயில் பணத்தைக் கட்டுக்கோப்பாகக் கையாண்டு நல்ல நிலையில் விட்டுவிட்டுப் போனார் என்பதை அவரை ஏற்காதவர்களும் மறுப்பதில்லை. தனக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஒப்படைத்த பணம் ஊருடையது என்ற எண்ணம் அவரிடம் இருந்தது. 34 வருடம் வங்கியில் எழுத்தராக உட்கார்ந்திருந்தவன் நான். நாள் முடிவில் கையிருப்பும் பேரேடும் நேரானால்தான் எங்களுக்கு வீட்டுக்குப் போக மனசு வரும். அதனால் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஈரோட்டில் பிளேக் பரவிய சமயத்தில் வசதியுள்ளவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். இவர் போகவில்லை. சொந்தக்காரர்களே தொடப் பயந்த பிணங்களைத் தோளில் சுமந்து சென்று அடக்கம் செய்தார். கொரோனா நாட்களில் நம் தெருவில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். யார் வீட்டுக்கு யார் சாப்பாடு கொண்டுபோய் வைத்தார்கள், யார் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பது நமக்கு மறக்கவில்லை. ஈரோடும் மறக்கவில்லை. அவரைச் சேர்மனாக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று என்று நான் நம்புகிறேன்.

அன்றைய சேர்மன் தேர்தல்

அன்றைய முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1882இல் ரிப்பன் பிரபு, உள்ளூர் விவகாரத்தை உள்ளூர்க்காரர்களே பார்க்கட்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சென்னையில் ரிப்பன் மாளிகை இருக்கிறதே, அவர் பெயரில்தான். அதற்குப் பிறகு நம் மாகாணத்து நகராட்சிகளில் உள்ளூர்க்காரர்கள் அதிகமாக வந்தார்கள். கவுன்சிலர்களில் சிலரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுப்பார்கள், சிலரை அரசாங்கம் நியமிக்கும். சேர்மனை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கட்சிச் சீட்டு, கட்சிச் சின்னம், மேலிடம் எதுவும் நகராட்சிக்குள் இல்லை. காங்கிரஸ் இருந்தது. 1916இல் நீதிக்கட்சியும் தொடங்கிவிட்டது. ஆனால் ஒரு ஊரின் சேர்மன் நாற்காலிக்கு அந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை. ஊருக்குத் தெரிந்த ஆளா, காரியம் செய்வாரா என்பதுதான் பேச்சு.

இப்படிச் சொன்னதும் அது பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். வாக்குரிமை வரி கட்டும் வசதி உள்ளவர்களுக்குத்தான். கூலிக்காரர்களும் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் பட்டியலிலேயே இல்லை. கட்சி இல்லாத இடத்தில் சாதியும் சொந்தமும் பணமும் கட்சியின் வேலையைச் செய்தன. பெரியாரே பணக்கார வீட்டுப் பிள்ளை. ஒரு ஏழை சேர்மனாகும் வழி அன்று இருந்ததில்லை. கட்சிகள் வந்ததால் கதவு திறந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. இந்த உண்மையை மறைத்துவிட்டுக் கட்சிகளைக் குறை சொன்னால் அது கணக்கை ஒரு பக்கம் மட்டும் எழுதுவது போல ஆகும்.

தண்ணீரும் தெருவும்

1910களின் கடைசியில் அவர் ஈரோடு நகராட்சித் தலைவரானார். இரண்டு காரியங்களுக்காக அந்தக் காலம் இன்றும் பேசப்படுகிறது.

ஒன்று குடிநீர். ஈரோடு காவிரிக் கரையில் இருக்கும் ஊர். ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடுவதும் அது தெருவுக்கு வருவதும் ஒன்றல்ல. இது நமக்கு நன்றாகவே தெரியும். நாமும் கொள்ளிடத்துத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறோம். அது குழாயில் வருகிற நாளைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம். பெரியார் சேர்மனாக இருந்தபோது காவிரித் தண்ணீரைக் குழாய் வழியாக ஊருக்குள் கொண்டுவரும் திட்டம் நடந்தேறியது. அதற்குப் பிறகு காலரா போன்ற நோய்களுக்குப் பயந்த தாய்மார்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று தெரு. கடைவீதியில் கடைக்காரர்கள் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். ஆக்கிரமிப்புகளை எடுத்துத் தெருக்களை அகலமாக்கினார். இதில் உள்ள சங்கடத்தைக் கவனியுங்கள். அவரே ஒரு வியாபாரி. இடிபட்ட திண்ணைகளும் தாழ்வாரங்களும் அவருக்குத் தெரிந்தவர்களுடையவை, நாளைக்கு மண்டிக்கு வந்து சரக்கு வாங்க வேண்டியவர்களுடையவை. பகையாளியின் திண்ணையை இடிப்பது சுலபம். வாடிக்கையாளரின் திண்ணையில் கை வைப்பது சுலபமல்ல.

நம் பாலக்கரையிலிருந்து நான்கு ரோடு வரை ஒரு நாள் நடந்து போய்ப் பாருங்கள். நடைபாதை எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அரியலூரில் நான் வேலை பார்த்த ஆறு வருடங்களும் சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தே முழங்கால் தேய்ந்தது. தெருவைக் காலி செய்யும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் தனியாகச் சொந்தமல்ல. அது நாற்காலியில் உட்காரும் ஆளைப் பொறுத்தது.

பக்கத்து ஊரில் இன்னொரு சேர்மன்

அதே ஆண்டுகளில் சேலம் நகராட்சியின் சேர்மனாக இருந்தவர் யார் தெரியுமா? ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்தவர். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை நியமித்து, அக்ரகாரத்தின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டவர். ஈரோட்டுச் சேர்மன் மண்டி வியாபாரி, சேலத்துச் சேர்மன் வக்கீல். ஒருவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், மற்றவர் சட்டம் படித்தவர். பிற்காலத்தில் தமிழ்நாட்டு அரசியலின் இரண்டு எதிர்முனைகளாக நின்றார்கள். ஆனால் அந்த நட்பு தொடங்கிய காலத்தில் இருவர் மேஜையிலும் இருந்தவை ஒரே மாதிரியான கோப்புகள்: குழாய், சாக்கடை, தெரு, வரி பாக்கி.

1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அடக்க முடியாமல் அழுதார். ஐம்பது வருடம் மேடையில் மோதியவர்கள் அவர்கள்.

நாற்காலியை விட்டு எழுந்தார்

1919இல் அவர் காங்கிரசில் சேர்ந்தார். காந்தியின் இயக்கம் இழுத்தது, ராஜாஜியும் வரதராஜுலு நாயுடுவும் அழைத்தார்கள். அப்போது அவர் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். சேர்மன் பதவி உட்பட, தான் வகித்த 29 பொதுப் பதவிகளையும் ராஜினாமா செய்தார். வியாபாரத்தையும் விட்டார்.

கட்சிக்குப் போகிறவர் சேர்மனாக இருக்கக்கூடாது என்று சட்டம் எதுவும் அன்று இல்லை. அரசாங்கத்தோடு ஒட்டிய பதவிகளை விட வேண்டும் என்ற தேசிய உணர்வுதான் அதற்குக் காரணம். இருந்தாலும் எனக்கு அதில் ஒரு பாடம் தெரிகிறது. ஊர் நாற்காலியில் இருந்தவரை அவர் கையில் கொடி இல்லை. கொடியைக் கையில் எடுத்த அன்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை நீங்கள் அறிந்தவைதான். கள்ளுக்கடை மறியல் காலத்தில், கள்ளுக்குப் பயன்படக்கூடாது என்று தன் தோப்பிலிருந்த 500 தென்னை மரங்களை வெட்டினார். நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலுக்கு வந்தார்கள். நீதிமன்றப் புறக்கணிப்பு காலத்தில், வரவேண்டிய கடன் பத்திரத் தொகை 50,000 ரூபாய் வாக்கில் நின்றது. வழக்குப் போட்டால் வந்துவிடும். தன் பெயருக்கு மாற்றித் தந்தால் வாதாடித் தருவதாகச் சேலம் விஜயராகவாச்சாரியார் முன்வந்தார். அதுவும் புறக்கணிப்பை மீறியது போலத்தான் என்று பெரியார் மறுத்துவிட்டார். அன்றைய 50,000 ரூபாய்! வாராக் கடன் பட்டியல் எழுதி எழுதிக் கை வலித்தவன் என்பதால் இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் திகைப்பாகவே இருக்கிறது.

1924இல் வைக்கம் போராட்டம், சிறை. 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரசை விட்டு வெளியேறினார். குடி அரசு பத்திரிகை, சுயமரியாதை இயக்கம், 1938இல் இந்தி எதிர்ப்பு, 1944இல் சேலத்தில் திராவிடர் கழகம் என்று தொடர்ந்தது. நம் மாவட்டங்களுக்குத் தாய் மாவட்டமான திருச்சியில் அவருக்கு ஒரு முக்கிய இருப்பிடம் இருந்தது. 1973 டிசம்பர் 24ஆம் தேதி வேலூரில் காலமானார். இவ்வளவு பெரிய அரசியல் செய்தவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆட்சி நிர்வாகம் என்று அவர் கையில் இருந்தது ஈரோடு நகராட்சி போன்ற உள்ளூர்ப் பொறுப்புகள் மட்டும்தான்.

இன்றைய நிலை

இப்போது நம் ஊருக்கு வருவோம். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் இன்றும் சட்டப்படி கட்சி சார்பற்றவை. என் சொந்த ஊர் அரியலூர் மாவட்டத்துக் கிராமம். தலைவருக்கான இளஞ்சிவப்பு நிற வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று பொதுச் சின்னங்கள்தான். எந்த வேட்பாளர் பின்னால் எந்தக் கட்சி நிற்கிறது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் எதற்கு இந்த நாடகம் என்று நானும் கேட்டதுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. ஜெயித்தவர் எல்லாருக்கும் பொது என்று சொல்ல அந்தச் சீட்டு ஒரு இடம் விட்டு வைக்கிறது. எதிர்க்கட்சிக்காரரும் கூச்சமில்லாமல் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம்.

நகராட்சியில் கதை வேறு. இங்கே கட்சிச் சின்னத்தில்தான் போட்டி. 1996, 2001, 2011 தேர்தல்களில் சேர்மனுக்கு நாமே நேரடியாக வாக்களித்தோம். 2006லும் 2022லும் கவுன்சிலர்கள்தான் சேர்மனைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரம்பலூரில் 21 வார்டு, அரியலூரில் 18 வார்டு. அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் மேயர் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. பெரியார் சேர்மனாக இருந்த அதே காலத்தை ஒட்டி அங்கே பரவிய சீர்திருத்தம் அது. நம் நகராட்சியில் அப்படி வருமா என்பது நம் கையில் இல்லை. சட்டசபையின் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பது நம் சங்கம் மட்டும்தான்.

என் தவறு

2022 தேர்தலுக்கு முன்பு ஒரு வேட்பாளர் நம் தெருவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்துக் கொடுத்தார். கோடைக்கு முன்பு வந்த உதவி. அப்போது நான் பொருளாளர். நன்றிக் கடிதம் ஒன்று கேட்டார்கள். சங்கத்தின் லெட்டர்பேடில் தட்டச்சு செய்து, முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பொதுக்குழுவைக் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் அந்தக் கடிதம் அப்படியே நோட்டீசில் அச்சாகி வீடு வீடாக வந்தது. நம் சங்கம் அவருக்கு ஆதரவு என்று மேலே பெரிய எழுத்து.

வேறு கட்சியை ஆதரிக்கும் 11 வீடுகள் அடுத்த மாதச் சந்தா தரவில்லை. அவர்களில் இருவர் என்னோடு தினமும் காலை நடை வந்தவர்கள். மற்றொருவர் கொரோனா சமயத்தில் என் மனைவிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கி வந்து கொடுத்தவர். வாசலில் என்னைப் பார்த்தால் போன் பேசுவது போல் திரும்பிக்கொண்டார். 34 வருடம் ஒரு ரசீதில்கூட ஆராயாமல் கையெழுத்துப் போடாதவன், ஒரு தொட்டிக்காக உங்கள் எல்லாருடைய பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தொட்டியில் இன்றும் தண்ணீர் வருகிறது. 11 வீடுகளில் 4 இன்னும் கூட்டத்துக்கு வருவதில்லை. அவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இங்கே எழுத்திலும் கேட்கிறேன்.

உங்களிடம் கேட்பது

அடுத்த பொதுக்குழுவில் நான் மூன்று தீர்மானங்களை முன்மொழியப் போகிறேன். முதலாவது, சங்கத்தின் லெட்டர்பேடு, முத்திரை, வாட்ஸ்அப் குழு, கட்டடம் எதையும் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகப் பயன்படுத்தக்கூடாது. இரண்டாவது, நிர்வாகி ஒருவர் ஒரு கட்சிக்காகத் தேர்தல் வேலை செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் முதலில் பொறுப்பை விட்டு விலகிவிட்டுச் செய்ய வேண்டும். ஈரோட்டுக்காரர் 29 பதவிகளை விட்டார், நாம் ஒன்றை விடலாம். மூன்றாவது, தேர்தல் நேரத்தில் நம் வார்டு வேட்பாளர்கள் அனைவரையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு அழைத்து, எல்லாரிடமும் ஒரே ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, ஆக்கிரமிப்பு, குப்பை. பதில்களை அப்படியே இந்த இதழில் வெளியிடுவோம். யாருக்கு ஓட்டு என்பதை அவரவர் வீட்டில் முடிவு செய்துகொள்ளட்டும்.

நீங்கள் எந்தக் கட்சியை வேண்டுமானாலும் ஆதரியுங்கள். உங்கள் வீட்டு மாடியில் எந்தக் கொடியை வேண்டுமானாலும் கட்டுங்கள். சங்கத்து வாசலில் மட்டும் வேண்டாம். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் நாம்.

வராமல் இருக்கும் அந்த நான்கு வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. இந்தத் தீர்மானங்களுக்கு எதிராக ஓட்டுப் போடவாவது கூட்டத்துக்கு வாருங்கள். உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன். சந்தா பாக்கியை அப்புறம் பேசிக்கொள்வோம்.